நிரந்தர முகவரி

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: நிரந்தர முகவரி.
அஜ்மானில், ஆறு பேர் உறங்கும் அறையில்,
போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் நிரப்பினேன்.
வீட்டு இலக்கம் இல்லை, வீதியும் இல்லை.
ஏழாம் லயம், மேல் டிவிஷன்,
பிராக்மோர் தோட்டம், பொகவந்தலாவை.
கடைசி எழுத்துகள்
கோட்டைத் தாண்டி வெளியே நின்றன.

பகல் முழுக்க பார்கோடு.
தக்காளிக்கு இருக்கிறது, தண்ணீர்ப் போத்தலுக்கு இருக்கிறது,
எங்கிருந்து வந்தது, என்ன பெறும்
எல்லாம் ஒரு ‘பீப்’பில்.
இரவில் அரசியலமைப்பு.
தமிழில் ஓரெழுத்தும் தெரியாத மாரிசெல்
புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்புவிக்கச் சொல்வாள்.
நான் தயங்கினால் மறந்துவிட்டேன் என்று
அவளுக்குத் தெரியும்.
உறுப்புரை பன்னிரண்டில் ஒருநாளும் தயங்கியதில்லை:
சட்டத்தின் முன் ஆட்கள் எல்லோரும் சமம்.

பதினான்கு நாள் லீவு.
கல்யாணமா என்றார் மனேஜர்.
பரீட்சை, சட்டக் கல்லூரிக்கு, என்றேன்.
என் வயதைக் கேட்டுவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

வந்து இறங்கினால் அனுமதி அட்டை இல்லை.
அனுப்பி பதினொரு நாளாகிறது என்கிறது
கொழும்புத் தொலைபேசி.
தோட்டத்துக் கடிதமெல்லாம் கந்தோருக்குத்தான் போகும்
என்கிறது தபாலகம்.
பெரிய கிளாக்கர் லீவு என்கிறது கந்தோர்.
தம்பி திரும்பி வந்து
ஓட்டோவை நிறுத்தாமலே சொன்னான்:
“நாளைக்கு நீயே போ, நீதானே லோயர்.”

மறுநாள் மழை.
பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்குப் போயிருந்தார்கள்.
கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து
ஒரு பிஸ்கட் டின்னை நகர்த்தினார் சின்ன கிளாக்கர்:
“இதுல பாருங்க.”

சேமலாப நிதிக் கடிதங்கள்,
பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக் திகதி ஒன்று,
போன மாதத்தோடு போய்விட்டது.
அடகுக்கடை அறிவித்தல்.
அடியில் நான்.
சுபத்திராதேவி, சுட்டெண், மண்டபம், காலை எட்டரை.
என்னோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தில்,
மருதவீரனுக்கு இரண்டு.
தொழில் நியாய சபை, ஒன்பதாம் திகதி, தவறாது சமுகமளிக்கவும்.
மற்றது, சமுகமளிக்காமையால் தள்ளுபடி.
இரண்டும் ஒட்டியபடியே இருந்தன,
ஒரு நகம்கூட அவற்றைப் பிரித்திருக்கவில்லை.

முறையாக முகவரியிட்டுத் தபாலில் சேர்த்த கடிதம்
உரியவருக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.
எங்கோ படித்து அடிக்கோடிட்டிருந்தேன்.
நல்ல, சுருக்கமான வாக்கியம் என்று
அப்போது தோன்றியது.

டிரையர் அறையில் பத்தொன்பது வருஷம் நின்ற மனிதர்
வாசலில் குந்தியிருந்து
வாசித்ததை முழுக்கக் கேட்டார்.
பிறகு கேட்டார்:
“தள்ளுபடின்னா, தள்ளி வச்சிருக்காங்களா புள்ள?
எந்த மாசத்துக்கு?”

எனக்கு நன்றாகத் தெரிந்த தள்ளுபடி
முப்பது வீதம், மஞ்சள் ஸ்டிக்கர்,
மாலை ஏழு மணிக்குமேல் பாணுக்கு ஒட்டுவது.
சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.
மாரிசெல் இருந்திருந்தால்
புத்தகத்தை மூடி வைத்திருப்பாள்.
“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.
யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.
கடிதங்களை இரண்டாக மடித்து
என் கையிலேயே தந்தார்.

அன்றைக்குப் பாடமாக்க வைத்திருந்தது
நதிகளும் நாணயங்களும் எதிர்ச்சொற்களும்.
டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு
லயம் லயமாக நடந்ததில் இருட்டிவிட்டது.
அடகுக்கடைக் கடிதத்தை வாங்காமலே
கதவைச் சாத்தினாள் ஒருத்தி.
அதுவும் சேர்ப்பித்ததாகக் கொள்ளப்படுமா, தெரியவில்லை.

இரவு ஒன்றே முக்காலுக்கு ஹட்டனில் பஸ்.
ஃபைலுக்குள் அனுமதி அட்டை, அடையாள அட்டை,
கறுப்புப் பேனை இரண்டு,
மருதவீரனின் ஈரம் காயாத தாள்கள்.
நாளை கேட்கப்போகும் கேள்விகளுக்குள்
அவர் கேட்டது இருக்காது.
ஒரு கேள்விக்கு நாலு விடை தருவார்கள்,
ஒன்றைக் கீறினால் போதும்.

கினிகத்தேனையில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள்.
இறங்கிப் பிளேன்டீ வாங்கினேன்.
சீனி அதிகம்.